செலவு போடாத கோழி

தைப்பொங்கல் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, மெல்பர்னிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கோபியிலிருந்து பள்ளிபாளையத்துக்கு மதியச் சாப்பாட்டுக்காகவே போய்வந்தேன். என் மனைவி பழநிக்கு மாலை போட்டிருந்ததால் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கறிவாசமே ஆகாது. திரும்பி வந்ததும் புறக்கடைக் குழாயில் குளித்துவிட்டுத்தான் வாசற்படி ஏற வேண்டும் என்ற நிபந்தனையோடு எங்களை அனுப்பிவைத்தார்.

கவுந்தப்பாடி, சித்தோடு வழியாக ஈரோட்டுக்கு வரும் சாலையில் மஞ்சள் வெட்டு தொடங்கியிருந்தது. வைகாசி, ஆனி வாக்கில் நட்ட மஞ்சள் தையில்தான் முற்றித் தாள் காய்ந்து படுக்கும். தாளை அறுத்து, கிழங்கைக் கொத்தி எடுத்து, வேகவைத்துக் களத்தில் காயப்போடுவார்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததை மாப்பிள்ளையிடம் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். கருங்கல்பாளையத்தில் காவிரிப் பாலம் ஏறி இறங்கினால் பள்ளிபாளையம். ஆறுதான் எல்லை, அக்கரைக்குப் போனவுடன் நாமக்கல் மாவட்டம் ஆகிவிடுகிறது என்றாலும், பார்ப்பவர்களுக்கு அது ஈரோட்டின் புறநகராகத்தான் தெரியும். விசைத்தறிகளின் சத்தத்தில் பேச்சே கேட்காத தெருக்கள் ஞாயிறு என்பதால் அன்றைக்கு அமைதியாக இருந்தன.

நாங்கள் தேடிப்போன இடத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. தறிக்காரர் வீடுகள் வரிசையாக இருக்கும் சந்தில், முன்கூடத்திலும் திண்ணையிலும் ஆறு மேசைகளைப் போட்டு, பின்கட்டில் விறகடுப்பு வைத்து நடத்துகிற வீட்டுக்கடை அது. தாயார் அடுப்படியில், மூத்த மகன் பரிமாறுகிறார், மருமகள் இலை போட்டுத் தண்ணீர் வைத்து, யார் எத்தனை தட்டுக் கோழி வாங்கினார்கள் என்பதை மனக்கணக்காகவே வைத்துக்கொள்கிறார், பள்ளிக்கூடம் போகிற பேரன் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுக்கிறான். என்ன இருக்கிறது என்று கேட்டால் நான்கே பெயர்கள் சொல்வார்கள்: நாட்டுக்கோழிக் குழம்பு, வெள்ளாட்டுக் கறிக்குழம்பு, ரத்தப் பொரியல், பள்ளிபாளையம் சிக்கன். அதற்கு மேல் ரசமும் தயிரும். பரோட்டா கிடையாது, பிரியாணி கிடையாது. அது குறை என்று நினைப்பவர்களுக்குப் பாலத்தின் இக்கரையிலேயே நிறையக் கடைகள் இருக்கின்றன.

நாங்கள் போய்ச் சேரும்போது மணி இரண்டாகிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூத்த மகன், “ஏனுங்ண்ணா, இத்தன நேரங்கழிச்சு வர்றீங்க? குடலு, ரத்தம் எல்லாம் தீந்துபோச்சுங்க. சித்த உக்காருங்க, அம்மா கடைசிச் சட்டி ஏத்துறாங்க” என்றார். மகளுக்கு முகம் வாடிவிட்டது; ரத்தப் பொரியலுக்காகத்தான் அவள் காலையில் பலகாரமே சாப்பிடாமல் வந்திருந்தாள். எனக்கு அது பெரிய நட்டமாகப் படவில்லை. கடைசிச் சட்டி என்றால் ஆக்கி வைத்து ஆறியது வராது, கண்ணெதிரே வெந்தது வரும்.

பள்ளிபாளையம் சிக்கன் என்ற பெயரில் சென்னையிலும் பெங்களூரிலும் விற்கப்படுவதை உண்டவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மல்லி, சீரகம், பட்டை, கிராம்பு முதலிய சரக்குகளைச் ‘செலவு’ என்போம். அவற்றைப் போட்டு வைக்கிற ரசத்துக்குச் செலவு ரசம் என்றே பெயர். இந்தக் கோழிக்குச் செலவு எதுவும் கிடையாது என்பதுதான் இதன் அடிப்படை. எலும்போடு சிறுசிறு துண்டாக வெட்டிய கோழி, இரண்டாக நறுக்கிய சின்ன வெங்காயம், கிள்ளி விதை உதிர்த்த வரமிளகாய் கைகொள்ளாமல், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, எண்ணெய் ஆகியவற்றோடு கதை முடிந்தது. இஞ்சி பூண்டு சேர்ப்பதா வேண்டாமா என்பதில் மட்டும் வீட்டுக்கு வீடு வழக்கு உண்டு. இந்த வீட்டில் சேர்ப்பதில்லை. தண்ணீர் தெளித்துத் தெளித்து வேகவிட்டு, கடைசியில் தண்ணீரெல்லாம் சுண்டி எண்ணெய் தனியாக வரும்வரை கிளறி இறக்குகிறார்கள். பல உணவகங்களில் செய்வதுபோல் மல்லித்தூளும் கரம் மசாலாவும் தூவிச் செக்கச்செவேலென்று கொண்டுவந்து வைத்தால் அது வேறு ஏதோ வறுவல்.

இலையில் விழுந்தபோது நிறம் வெளிர் மஞ்சளாகவே இருந்தது. பார்த்தால் காரமே இருக்காது போலத் தோன்றும். விதை நீக்கிய மிளகாயின் காரம் மெதுவாகத்தான் ஏறும், ஏறினபின் இறங்காது. வெங்காயம் கரைந்து இனிப்பாகி, தேங்காய்ப் பல் எண்ணெயில் முறுகி, கோழியின் சாறெல்லாம் அவற்றுக்குள் போய்விடுவதால், கோழித் துண்டைவிடத் தேங்காயைத் தேடி எடுத்துத் தின்பவர்களே அதிகம். மாப்பிள்ளையும் அதைத்தான் செய்தார். மூன்றாவது தட்டுக்கு நடுவே அவர் நிமிர்ந்து, “மாமா, இது ஓக்லீ கடை மாதிரியே இருக்குதுங்க” என்றார்.

அவர் சொன்ன கடையை எனக்கும் தெரியும். ஓக்லீ என்பது மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பெரும்பாலும் 1950களிலும் 60களிலும், கிரேக்க நாட்டிலிருந்து ஏராளமானவர்கள் அந்த நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ஓக்லீயின் கடைவீதியில் இன்றும் கிரேக்க எழுத்தில் பலகைகள் தொங்குகின்றன. போன வருடம் நான் அங்கே இரண்டு மாதம் இருந்தபோது, கடைவீதியை விட்டு விலகி, வீடுகளுக்கு நடுவே ஒரு குடும்பம் நடத்துகிற சின்ன உணவகத்துக்கு மூன்று முறையாவது போயிருப்போம். அங்கேயும் அடுப்பில் வயதான அம்மாள், பரிமாற மகன், கணக்குக்கு மருமகள். அந்த அம்மாளை எல்லோரும் ‘யாயா’ என்று கூப்பிட்டார்கள். கிரேக்க மொழியில் பாட்டி என்று பொருளாம். பழந்தமிழில் யாய் என்றால் என் தாய். ஒலி ஒற்றுமைதான், உறவு ஒன்றும் இல்லை என்றாலும், கேட்டபோது கொஞ்சம் திரும்பிப் பார்க்க வைத்தது.

அங்கே எனக்குப் பிடித்தது பைதாக்கியா என்கிற செம்மறிக் குட்டியின் விலாக்கறி. உப்பு, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த ஓரிகானோ இலை, இவ்வளவுதான். கரியடுப்பில் வாட்டி அடுக்கிக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அந்த இலையின் வாசம் எங்கிருந்தோ தெரிந்ததாக இருந்ததே என்று வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். சளிக்குக் கசக்கிக் கொடுக்கிற எங்கள் புறக்கடைக் கற்பூரவள்ளிக்கும் ஓரிகானோவுக்கும் கார்வக்ரால் என்கிற ஒரே வாசனைப் பொருள்தான் காரணம். இரண்டும் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தவையும்கூட. தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காயும் பூண்டும் சேர்த்த கெட்டித் தயிர் வந்தது. ட்சாட்சீக்கி என்றார்கள், நான் பச்சடி என்றேன், இருவருக்கும் சம்மதம். சின்ன வாணலியில் பொரித்த பாலாடைக்கட்டிக்கு அந்த வாணலியின் பெயரையே வைத்துச் சகனாக்கி என்கிறார்கள். அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்து சூடாகத் தின்ன வேண்டும், ஆறினால் ரப்பர். கணவாய் வகையறாவை மாப்பிள்ளை வற்புறுத்தியும் நான் தொடவில்லை.

மாப்பிள்ளை சொன்ன ஒப்புமை எனக்கு முதலில் மிகையாகப் பட்டது. ஓக்லீயில் தட்டுகளை மேசை நடுவில் வைத்து, எல்லோரும் எட்டியெடுத்துத் தின்று, இரண்டு மணி நேரம் கதை பேசுகிறார்கள். பள்ளிபாளையத்தில் ஆளுக்கு ஓர் இலை, இருபது நிமிடம், அடுத்தவர் பின்னால் நிற்கிறார் என்ற நினைப்பு. ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டு சமையலிலும் ஒளிந்துகொள்ள இடமில்லை. செலவை அரைத்து ஊற்றினால் கறி பழசாக இருந்தாலும் மறைந்துவிடும். உப்பும் எலுமிச்சையும் மட்டும் போட்ட ஆட்டுக்கறியிலும், உப்பும் மிளகாயும் மட்டும் போட்ட கோழியிலும் அன்றைக்கு வெட்டியதா, எவ்வளவு நேரம் அடுப்பருகில் நின்றார்கள் என்பதெல்லாம் முதல் வாயிலேயே தெரிந்துபோகும். சம்பளத்துக்கு நிற்பவரை அப்படி நிற்கவைப்பது கடினம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளாட்டுக் கறிக்குழம்பு அன்றைக்குச் சரியில்லை. தேங்காயை அதிகமாக அரைத்துவிட்டதால் சோற்றில் ஒட்டாமல் திட்டுத்திட்டாக நின்றது. மகள் அதைத் தள்ளிவைத்துவிட்டு, மிளகு தூக்கலாக இருந்த ரசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். அதைப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி உள்ளேயிருந்து தாயாரே வந்தார்.

“ஏன் அம்மணி, கொளம்பு புடிக்கிலையா?”

“இல்லைங்காத்தா, கோழி நல்லா இருந்துச்சு, அதுலயே வயிறு ரொம்பிருச்சுங்க.”

“தேங்கா சாஸ்தியாப் போச்சு, எனக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டு, மகனிடம் அந்தக் குழம்புக்குக் காசு வாங்க வேண்டாம் என்றார். நான் மறுத்தும் கேட்கவில்லை. கோழியின் பக்குவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மகள் கேட்டதற்கு, “சத்தத்த வெச்சுத்தான் கண்ணு. தண்ணி இருக்கிற மட்டும் கொதிக்கிற சத்தம் வரும். சுண்டுனதுக்கப்புறம் பொரியற சத்தம் வரும். அது வர்ற மட்டும் அடுப்ப உட்டு அக்கட்டால போகக்கூடாது” என்றார். மகள் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

ஈரோட்டு ரயில் நிலையத்திலிருந்து போகிறவர்களுக்குப் பள்ளிபாளையம் பேருந்து அடிக்கடி கிடைக்கும். பாலம் தாண்டி இறங்கி, தறிக்காரர்களில் யாரைக் கேட்டாலும் இப்படிப்பட்ட வீட்டுக்கடை ஒன்றுக்கு வழி சொல்வார்கள். ரத்தப் பொரியல் வேண்டுமென்றால் ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். நாங்கள் கோபிக்குத் திரும்பியபோது புறக்கடையில் மூன்று துண்டுகளும் ஒரு சோப்பும் தயாராக இருந்தன.