பௌதிகவியல் பேப்பர்: செய்வது தனியே, திருத்துவது கூட்டாக

உயர்தரப் பௌதிகவியலுக்குக் கூடிப் படிக்கும் பிள்ளைகளை மட்டக்களப்பில் நூலக மேசைகளிலும் காணலாம், வீட்டு விறாந்தைகளிலும் காணலாம். பல குழுக்களில் கணக்கு ஓடுகிற ஒருவர் செய்து காட்டுவார், மற்றவர்கள் கொப்பியில் இறக்கிக்கொள்வார்கள். அப்படி இறக்கிய கணக்கு பரீட்சை மண்டபத்தில் கைகொடுக்காது. மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். ஒவ்வொருவரும் தனியே செய்யவேண்டும், பிறகு எல்லோரும் சேர்ந்து திருத்தவேண்டும். இந்த ஒழுங்கு பிசகினால் ஐந்து மணித்தியாலம் இருந்தும் பிரயோசனமில்லை.

முதலில் எம்.சி.கியூ., அதாவது பல்தேர்வு வினா. 50 வினாவுக்கு 2 மணித்தியாலம் என்றால் ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். கூடுகிற நாளில் 25 வினா, 60 நிமிடம் போதும். கணிப்பான் மண்டபத்துக்குள் போகாது, ஆகவே மேசையிலும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும், நிச்சயம் என்றால் ஒரு கோடு, ஊகம் என்றால் கேள்விக்குறி போடுங்கள். நேரம் முடிந்த கையோடு விடைத்தாளைத் திறக்கவேண்டாம். விடைகளை வாசித்து, ஆளுக்காள் வேறுபடும் வினாக்களை மட்டும் வட்டமிடுங்கள். அவற்றைப் பற்றி முதலில் பேசவேண்டியவர் குழுவில் பின்னுக்கு நிற்பவர். கெட்டிக்காரர் கடைசியில்தான் வாய் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்களின் யோசனை அங்கேயே நின்றுவிடும்.

பிழையான விடைகளைக் கவனமாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மின்னியக்க விசை 12 வோல்ற்று, அகத்தடை 1 ஓம் உள்ள கலத்துக்கு 5 ஓம் தடையை இணைத்தால் முடிவிடங்களுக்கிடையிலான அழுத்த வித்தியாசம் என்ன? ஓட்டம் 2 அம்பியர், விடை 10 வோல்ற்று. 12 போட்டவர் அகத்தடையை மறந்தவர். 2 போட்டவர் கலத்துக்குள்ளே இழந்த வோல்ற்றளவையே விடையாக எடுத்தவர். 14 போட்டவர் கலம் மின்னேற்றப்படுகிறது என்று குறியை மாற்றியவர். மூன்று பிழைக்கும் மூன்று மருந்து. "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போனால் ஒன்றும் மாறாது. எந்த நினைப்பு அந்த விடைக்குக் கொண்டுபோனது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பிழை விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடவும் வேண்டாம்.

அமைப்புக் கட்டுரையில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடங்களில் ஒன்று அழுத்தமானி. சேமிப்புக்கலம் ஓட்டம் செலுத்தும் நீண்ட கம்பியில் கல்வனோமானி திறம்பாத சமநிலை இடத்தைத் தேடி, சோதிக்கும் கலத்தின் மின்னியக்க விசையை அளக்கும் கருவி அது. கம்பியின் இரு முனைகளிலும் தொட்டுப் பார்க்கக் கல்வனோமானி ஒரே பக்கமாகவே திறம்புகிறது என்றால், சோதிக்கும் கலத்தின் நேர் முனையும் சேமிப்புக்கலத்தின் நேர் முனையும் கம்பியின் ஒரே முனைக்கு வரவில்லை, அல்லது கம்பிக்குக் குறுக்கேயுள்ள அழுத்த வித்தியாசம் சோதிக்கும் கலத்தின் மின்னியக்க விசையிலும் குறைவு, அல்லது சேமிப்புக்கலச் சுற்றில் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. எங்கே தொட்டாலும் திறம்பலே இல்லையென்றால் கல்வனோமானி இருக்கும் கிளையில் முறிவைத் தேடவேண்டும். கல்வனோமானியோடு தொடராக வைக்கும் காப்புத்தடை சமநிலை நீளத்தை மாற்றாது, சமநிலையில் அந்தக் கிளையில் ஓட்டமே இல்லையே. சமநிலைக்குக் கிட்ட வந்ததும் காப்புத்தடையைக் குறுஞ்சுற்றாக்குவது ஏன் என்று ஒருவர் மற்றவரிடம் கேட்டுப் பாருங்கள். உணர்திறனைக் கூட்ட என்ற சொல் வரவேண்டும்.

இந்தக் கணக்கை ஒருமுறை ஆளாளுக்குச் செய்யுங்கள். 4 மீற்றர் கம்பி, தடை 5 ஓம், சேமிப்புக்கலம் 2 வோல்ற்று, அதன் அகத்தடை புறக்கணிக்கத்தக்கது. வெப்பநிலை வித்தியாசத்தால் சிறு மின்னியக்க விசை தரும் வெப்பவிணையின் 8 மில்லிவோல்ற்றை அளக்கவேண்டும். அப்படியே இணைத்தால் ஒரு சென்ரிமீற்றருக்கு 5 மில்லிவோல்ற்று, சமநிலை 1.6 சென்ரிமீற்றரில் வரும். 1 மில்லிமீற்றர் வழு அங்கே 6 சதவீதத்துக்கும் மேல். கம்பியோடு தொடராக 995 ஓம் போட்டால் ஓட்டம் 2 மில்லி அம்பியர், கம்பிக்குக் குறுக்கே 10 மில்லிவோல்ற்று, சமநிலை 320 சென்ரிமீற்றரில். அதே 1 மில்லிமீற்றர் இப்போது 0.03 சதவீதம். தொடர்த்தடை எதற்கு என்ற வினாவுக்குப் பதில் இந்த இரண்டு எண்களிலும் இருக்கிறது. பாடமாக்கிய வசனத்தைவிட இது நிலைக்கும்.

பரிவுக் குழாயை, அதாவது எந்த நீள வளி நிரலில் ஒலி பலத்துக் கேட்கிறது என்று பார்க்கும் பரிசோதனையை, வீட்டிலேயே செய்து பார்க்கலாம், தயவுசெய்து செய்து பாருங்கள். உள்விட்டம் 3 சென்ரிமீற்றர் அளவில் ஒரு பி.வி.சி குழாய், நீளம் 45 சென்ரிமீற்றர். 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பிய வாளி. இசைக்கவருக்குப் பதிலாகக் குறித்த மீடிறனில் (அதிர்வெண்ணில்) ஒலி எழுப்பும் செயலி உள்ள போன். 300, 350, 400, 450, 500 ஹேர்ட்ஸ் என ஐந்து வாசிப்பு எடுங்கள். ஒவ்வொன்றிலும் வளி நிரலைக் குறுகிய நீளத்திலிருந்து மெல்ல மெல்லக் கூட்டிப் போகவேண்டும், அப்போதுதான் முதலில் அகப்படுவது முதலாம் பரிவு என்று உறுதியாகச் சொல்லலாம். ஒருவர் குழாயைப் பிடிக்க, ஒருவர் காதைக் கொடுக்க, ஒருவர் அளக்கட்டும்.

நீளத்தை நிலைக்குத்து அச்சிலும் மீடிறனின் தலைகீழைக் கிடை அச்சிலும் குறித்தால் படித்திறன் ஒலியின் வேகத்தின் காற்பங்கு, வெட்டுத்துண்டு மறைக்குறியுடன் முனைத் திருத்தம். முனைத் திருத்தம் விட்டத்தின் 0.3 மடங்கு அளவில், அதாவது 0.9 சென்ரிமீற்றர் வரும். நமது 30 பாகை வெப்பநிலையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 349 மீற்றர் அளவில் இருக்கும். ஆகவே 300 ஹேர்ட்ஸுக்கு 28 சென்ரிமீற்றரும் 500 ஹேர்ட்ஸுக்கு 16.5 சென்ரிமீற்றரும் எதிர்பாருங்கள். 340 என்று நினைத்துக்கொண்டு வரைபைத் திருத்தி எழுதவேண்டாம்.

கம்பியின் விட்டம் அளக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சிக்கு ஒரு வரி போதும். புரியிடை 0.5 மில்லிமீற்றர், 50 பிரிவு, இழிவெண்ணிக்கை, அதாவது வாசிக்கக்கூடிய மிகச்சிறிய அளவு, 0.01 மில்லிமீற்றர். 0.40 மில்லிமீற்றர் கம்பியில் அது 2.5 சதவீதம், பரப்பளவில் விட்டம் வர்க்கமாவதால் 5 சதவீதம்.

கட்டுரைப் பகுதியில் ஆறு வினாவில் நான்கு எழுதவேண்டும். கடைசி இரண்டு வினாக்களிலும் இரு தெரிவுகள் உண்டு. அந்தத் தெரிவுகளில் ஒன்றான இலத்திரனியலை முற்றாக ஒதுக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் அதிகம், அது வேண்டாத நட்டம். செயற்பாட்டு விரியலாக்கியில் நயம் (பெருக்கம்) 10, பெய்ப்பு (உள்ளீடு) 2 வோல்ற்று, வழங்கல் 15 வோல்ற்று என்றால் 20 என்று எழுதக்கூடாது, பயப்பு (வெளியீடு) வழங்கலுக்குக் கிட்ட நிரம்பி நிற்கும். இவ்வளவைத் தெளிவாகப் பிடித்தாலே பாதிப் பயம் போய்விடும்.

கட்டுரையைத் திருத்தும்போது தாளை மாற்றிக்கொள்ளுங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை முன்னால் வைத்துச் சமன்பாட்டுக்கு, பிரதியீட்டுக்கு, அலகோடு கூடிய விடைக்கு என்று வரிவரியாகப் பாருங்கள். "நீ இதில் என்ன நினைச்சு எழுதினாய்?" என்று திருத்துபவர் கேட்கவே கூடாது. பரீட்சகரால் கேட்கமுடியாது. எழுத்தில் இல்லையென்றால் புள்ளி இல்லை. இந்த ஒரு கண்டிப்பைப் பிடித்தாலே ஒரு மாதத்தில் எழுத்து மாறும்.

மழையை மறந்து அட்டவணை போடவேண்டாம். 2024 நவம்பர் 25 இல் தொடங்கிய பரீட்சை வெள்ளத்தால் 27 ஆம் திகதி நிறுத்தப்பட்டு டிசம்பர் 4 இல்தான் மீண்டும் நடந்தது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளைக்கு வாவி பெருகினால் பாதை போய்விடும். வாளியும் குழாயும் தேவைப்படும் வேலைகளை ஒக்ரோபருக்கு முன் முடியுங்கள். கடந்தகால வினாத்தாள்களைப் போனில் மட்டும் வைக்காமல் அச்செடுத்து வையுங்கள், மின்சாரம் நின்றாலும் கையில் இருக்கும். ஒக்ரோபரிலிருந்து வட்ஸ்அப் போதும். ஒரே வினாவை ஒரே நேரத்தில் அவரவர் வீட்டில் எழுதி, தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் தாளின் தலையில் குறித்துப் படம் அனுப்புங்கள். திருத்துபவர் புள்ளி போன வரியை வட்டமிட்டு அன்றிரவே திருப்பி அனுப்பட்டும்.