பாசாவ் முதல் புடாபெஸ்ட் வரை: முதல் ஆற்றுக் கப்பல் பயணத்துக்கு நாங்கள் தயாரான விதம்

என் கணவருக்கு 71 வயது, எனக்கு 66. அவர் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சியில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஐரோப்பா போக வேண்டும் என்ற ஆசை அதற்கும் முந்தியது. ஆனால் பத்து நாளில் ஏழு நாடு, விடிந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டும் என்கிற குரூப் டூர் அட்டவணைகளைப் பார்த்ததுமே இது நமக்குச் சரிப்படாது என்று தெரிந்துவிட்டது. டான்யூப் நதியில் போகும் கப்பல்களைப் பற்றி எங்கள் மகன்தான் சொன்னான். ஏறிய அன்று பெட்டியைப் பிரித்தால் இறங்கும் அன்று கட்டினால் போதும். தூங்கி எழுந்தால் அடுத்த ஊர். 2024 ஆகஸ்டில் பேச ஆரம்பித்து 2025 மே மாதம் போய்வந்தோம். நடுவில் இருந்த அந்த ஒன்பது மாத ஏற்பாடுகளைத்தான் எழுதப் போகிறேன். எங்கள் வயதில் போக நினைப்பவர்களுக்கு உதவும்.

எந்த ஊர், என்ன விலை என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஆத்துல எப்ப தண்ணி இருக்கும்?" ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று வருடம் தவறாமல் காத்திருந்தவருக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும். அதுதான் சரியான கேள்வி என்பது பிறகு புரிந்தது. ஆற்றுக் கப்பலுக்குத் தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. குறைந்தால் கப்பலின் அடி தட்டும். கூடினால் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. அப்படி ஆகும்போது பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோவார்கள். சில சமயம் பாதி வழியில் இன்னொரு கப்பலுக்கு மாற்றுவார்கள். எங்கள் பதிவு விதிமுறையிலும் இதற்கெல்லாம் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள்.

ஜெர்மனியில் ஷ்ட்ராபிங் என்ற ஊருக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டருக்கு டான்யூபின் குறுக்கே தண்ணீரைத் தேக்கும் தடுப்பு எதுவும் கிடையாது. ஆறு அதன் போக்கில் ஓடுகிறது. வறட்சிக் காலத்தில் கப்பல்கள் மாட்டிக்கொள்ளும் இடம் அது. நியூரம்பெர்க்கிலோ ரெகன்ஸ்பர்கிலோ கிளம்பும் கப்பல்கள் அதைக் கடந்தே ஆக வேண்டும். ஜெர்மனியின் எல்லை ஊரான பாசாவில் கிளம்பினால் அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் பாசாவ் அதற்குக் கீழே இருக்கிறது. போதாததற்கு, ஆல்ப்ஸ் பனி உருகிவரும் தண்ணீரை இன் நதி பாசாவில் கொண்டுவந்து சேர்க்கிறது. என் கணவர் ஒரு வாரம் வரைபடத்தை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தார். ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் வற்றலாம் என்பதால் மே மாதம், பாசாவ் முதல் புடாபெஸ்ட் வரை ஏழு இரவு என்று முடிவு செய்தோம்.

முன்பணம் கட்ட இருந்த வாரம்தான் 2024 செப்டம்பர் வெள்ளம் வந்தது. ஆஸ்திரியாவில் டான்யூப் கரைபுரண்டது. வியன்னாவில் கப்பல்கள் நகர முடியாமல் நின்றன. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. "வெள்ளம் எந்த மாசமும் வரும். வறட்சியாவது நாம தவிர்க்க முடிஞ்சது" என்றார். ஒரு வாரம் பொறுத்துப் பணத்தைக் கட்டினோம்.

அறை தேர்ந்தெடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பயணம் சுகமா சிரமமா என்பது பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது. இந்தக் கப்பல்கள் சுமார் 135 மீட்டர் நீளமும் 11 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் உள்ளவை. டான்யூபை மைன் நதியோடு இணைக்கும் கால்வாயின் குறுகிய லாக் தொட்டிகளுக்குள்ளும் (தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடத்தும் தொட்டிகள்) நுழைய வேண்டும் என்பதால் பெரும்பாலான கப்பல்களின் அகலம் அதற்கு மேல் போகாது. மூன்று தளம், அதற்கு மேல் மொட்டைமாடி. அடித்தளத்து அறை விலை குறைவு. ஆனால் அதன் ஜன்னல் சிறியது, திறக்காது, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். நாங்களும் முதலில் அதைத்தான் எடுப்பதாக இருந்தோம். ஏதோ தோன்றி, "லிஃப்ட் எந்தெந்தத் தளத்துக்குப் போகும்?" என்று மின்னஞ்சலில் கேட்டேன். நடுத்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் மட்டும் என்று பதில் வந்தது. அடித்தளத்துக்கும் கிடையாது, மொட்டைமாடிக்கும் கிடையாது. பெரும்பாலான ஆற்றுக் கப்பல்களில் இப்படித்தானாம். முழங்காலோடு ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குவது? நடுத்தளத்தில், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிக் கதவு வைத்த அறைக்கு மாற்றிக்கொண்டோம். இன்ஜின் சத்தம் வரும் பின்பக்கம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம். கப்பலுக்கு மட்டும் இருவருக்குமாக ஐந்தரை லட்சம் ரூபாய் ஆனது.

அதற்கு மேல் டிசிஎஸ் (பணம் வாங்குபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று ஐந்து சதவீதம், 27,500 ரூபாய், தனியாகப் பிடித்தார்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு அந்த நிதியாண்டில் ஏழு லட்சம் வரை ஐந்து சதவீதம், அதற்கு மேல் போனால் இருபது. இது செலவுக் கணக்கில் சேராது. நம் பான் எண்ணில் வரவாகி நிற்கும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்ப வாங்கலாம். நாங்கள் பாதிப் பாதியாக அவரவர் பான் எண்ணில் கட்டினோம்.

அடுத்தது விசா. இதில்தான் சறுக்கப் பார்த்தோம். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி நான்குமே ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும். ஆனால் எந்த நாட்டிடம் கேட்பது? ஃபிராங்ஃபர்ட்டில் இறங்குகிறீர்கள், ஆகவே ஜெர்மனி என்று எங்கள் டிராவல் ஏஜென்ட் படிவமே நிரப்பிவிட்டார். விதி அப்படி இல்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். நாள்கள் சமமாக வந்தால்தான் முதலில் நுழையும் நாடு. கப்பலோ ராத்திரியில் ஓடுகிறது. நானும் என் கணவரும் ஒரு தாளில் ஒவ்வோர் இரவாக எழுதினோம். கப்பலுக்கு முன் பாசாவில் இரண்டு இரவு. அப்புறம் லின்ஸ், மெல்க், வியன்னா என்று ஆஸ்திரியாவில் நான்கு. பிராடிஸ்லாவாவில் ஒன்று. புடாபெஸ்டில், கடைசியில் சேர்த்த ஒரு ஹோட்டல் இரவோடு, மூன்று. ஆக ஆஸ்திரியா. படிவத்தைக் கிழித்துப் போட்டு மறுபடி நிரப்பினோம். எந்தத் தேதியில் எந்த ஊரில் கப்பல் நிற்கும் என்ற பட்டியலை, எங்கள் இருவர் பெயரோடும் பாஸ்போர்ட் எண்ணோடும் கப்பல் நிறுவனத்திடம் கடிதமாகவே வாங்கி முன்னால் வைத்தோம். அந்த ஒரு கடிதம் நிறைய விளக்கத்தை மிச்சப்படுத்தியது.

விசா கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து பதினைந்து நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம், நாங்கள் பிப்ரவரியில் சென்னை போனோம். கைரேகை எடுக்கும் இடத்தில் எனக்குச் சிக்கல் வந்தது. நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த கை. ரேஷன் கடை மெஷினிலேயே நாலு தடவை வைத்தால்தான் விழும். நல்ல வேளையாக, முந்தைய ஒரு வாரமாகத் தினமும் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் நன்றாகக் கழுவிவிட்டுப் போயிருந்தேன். மூன்றாவது முறையில் விழுந்துவிட்டது. அங்கிருந்த பெண், "மெதுவா வைங்கம்மா, அவசரமில்ல" என்று பொறுமையாகச் சொன்னதை மறக்க மாட்டேன். பதினெட்டாம் நாள் பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்தது.

காப்பீட்டில் அவசரப்படாதீர்கள். விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இருந்தால் போதும். ஆனால் விசாவுக்குப் போதுமானது நமக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். அவருக்கு ரத்த அழுத்தம், எனக்குச் சர்க்கரை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எதுவுமே தராத பாலிசிகள்தான் விலை மலிவாக இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்து, பழைய நோயால் அவசர சிகிச்சை தேவைப்பட்டாலும் தருகிற ஒன்றை எடுத்தோம். 70 தாண்டியதால் அவருக்குப் பிரீமியம் கூடத்தான். கடல் கப்பலில் இருப்பதுபோல ஆற்றுக் கப்பலில் பொதுவாக டாக்டர் இருக்க மாட்டார். கரை பக்கத்திலேயே இருப்பதால் ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். மருந்துகளை வியாபாரப் பெயரில் எழுதாமல் மூலப்பெயரில் டாக்டரிடம் எழுதி வாங்கி, முழு மருந்தையும் கைப்பையில் வைத்துக்கொண்டோம்.

சாப்பாடு பற்றிப் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் முட்டையும் வரும், மாட்டு எலும்பை வேகவைத்த சாற்றில் செய்த சூப்பும் வரலாம். அதனால் மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது, பாலும் தயிரும் வெண்ணெயும் சம்மதம் என்று விவரமாக எழுதி அனுப்பினோம். ஏறிய அன்றே சமையல்காரர் மேஜைக்கு வந்து பேசினார். தினமும் மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஊரிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மாங்காய் ஊறுகாய் கொண்டுபோனேன். நெய்யும் பால்கோவாவும் எடுத்துவைத்துவிட்டு, வெளியிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்து பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதி இல்லை.

விமான நிலையத்தில் இருவருக்கும் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். கூச்சமே படாதீர்கள். ஃபிராங்ஃபர்ட்டில் நடந்திருந்தால் அவர் முழங்கால் அன்றைக்கே வீங்கியிருக்கும். அன்று ராத்திரி அங்கே தங்காமல் ரயிலில் நேராகப் பாசாவ் போனதில் களைப்பு அதிகமானது உண்மை. ஆனால் கப்பலுக்கு இரண்டு நாள் முன்பே ஊரில் இருந்தது பெரிய நிம்மதி. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

பாசாவில் டான்யூபும் இன் நதியும் இல்ஸ் நதியும் சேருகின்றன. முக்கொம்பில் ஒரே ஆறு இரண்டாகப் பிரிவதைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, மூன்று நிறத் தண்ணீர் ஒன்றாகிற அந்த முனையை விட்டு வர மனமே இல்லை. இல்ஸ் கருப்பாக வந்தது, இன் வெளிறிய பச்சையாக வந்தது. பழைய நகராட்சிக் கட்டடச் சுவரில் வெள்ள மட்டங்களைக் குறித்துவைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் 12.89 மீட்டர், 1501-க்குப் பிறகு அதுதான் அதிகம். அவர் அந்தச் சுவருக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார்.

நாங்கள் கேட்க மறந்த ஒன்றும் உண்டு. துறைகளில் இடம் போதாதபோது கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கட்டுகிறார்கள். வியன்னாவில் எங்களுக்கும் கரைக்கும் நடுவே இன்னொரு கப்பல் நின்றது. கரைக்குப் போக மொட்டைமாடிக்கு ஏறி, அந்தக் கப்பலின் மாடிக்குத் தாண்டி, அதன் படியில் இறங்க வேண்டும். லிஃப்ட் கிடையாது. ஷான்ப்ருன் அரண்மனைக்குப் போன காலையில் இதுவே அவருக்கு இருபத்தைந்து படிக்கு மேல் ஆகிவிட்டது. மதியம் எங்கும் போகாமல் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு, நடக்கச் சிரமப்படுபவர் என்று எழுதிவையுங்கள். எங்கள் கப்பலில் மெதுவாக நடப்பவர்களுக்கென்று தனிக் குழு இருந்ததும் மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பிராடிஸ்லாவாவின் உருண்டைக்கல் பாவிய தெருக்களில் அந்தக் குழுவோடு போனதால்தான் முழுச் சுற்றும் அவரால் வர முடிந்தது.

மற்றபடி, முதல் ராத்திரியைச் சொல்லியே ஆக வேண்டும். பாசாவில் கிளம்பிச் சில மணி நேரத்தில் ஜோகென்ஸ்டைன் வந்தது. நம் ஊர்க் கதவணை மின்நிலையம் மாதிரியேதான், பக்கத்தில் கப்பல் போக ஒரு நீளத் தொட்டி. வியன்னாவின் ஃப்ராய்டனாவ் வரை இப்படிப் பத்து, ஸ்லோவாக்கியாவின் காப்சிகோவோவோடு பதினொன்று என்று அவர் முன்பே கணக்கெடுத்து வைத்திருந்தார். நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். "எழுந்திரு, எழுந்திரு, இறங்குது பாரு" என்று தோளைத் தட்டினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு சாண் தூரத்தில் ஈரச் சுவர் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. துளி ஆட்டம் இல்லை. சுமார் 10 மீட்டர் நாங்கள் இறங்கியிருக்கிறோம். முன்னால் கதவு திறந்தது, கப்பல் நகர்ந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, மணி பார்த்து, ஒன்று என்று எழுதிக்கொண்டார்.