சாயங்காலம் குடிக்க டீகாஃப் கிரீன் டீ, யாருக்கு சரியா வரும்?

டீகாஃப் கிரீன் டீ, அதாவது தூக்கத்தை விரட்டற காஃபினை எடுத்துட்ட கிரீன் டீ, குடிச்சா வெயிட் குறையுமான்னு தான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க, அதனால அதையே முதல்ல சொல்லிடறேன், டீயால மட்டும் குறையாது. சாதா கிரீன் டீக்கே அந்த சக்தி ரொம்ப கம்மி. மருத்துவ ஆராய்ச்சிகளை அலசிப் பாக்கற காக்ரேன் அமைப்பு 2012ல பல ஆராய்ச்சிகளை ஒண்ணா வச்சு பாத்துட்டு, குறையற எடை உடம்புக்கு பலன்னு சொல்ற அளவுக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க. இங்கிலாந்துல 2015ல வந்த ஒரு சின்ன ஆராய்ச்சில டீகாஃப் கிரீன் டீ சாரம் எடுத்துக்கிட்டவங்களுக்கு சைக்கிள் மிதிக்கிறப்போ கொழுப்பு எரியறது கூடிச்சுன்னு வந்தது உண்மைதான், ஆனா மொத்தமே 14 ஆம்பளைங்க, 4 வாரம், அதுவும் தினம் 400 மில்லிகிராம் இஜிசிஜி (கிரீன் டீ இலைல இருக்கற முக்கியமான பொருள்), அதுக்கு டீயா குடிக்கணும்னா எத்தனையோ கப் உள்ள போகணும். இதை வச்சு "தொப்பை கரையும்"னு பாக்கெட்ல போடறது எனக்கு சுத்தமா பிடிக்கல.

அப்ப எதுக்கு குடிக்கணும்? என் பதில் தூக்கம்.

எங்க அண்ணிக்கு கொஞ்ச நாளா படபடப்பு, ராத்திரி படுத்தா தூக்கம் வராம புரண்டுட்டே இருப்பாங்க. டாக்டர் காபியை குறைங்கன்னு சொல்லிட்டார். காலைல காபியை விடறது அவங்களுக்கு பெரிய விஷயமா இல்ல, ஆனா சாயங்காலம் பசங்க ஹோம்வொர்க் பண்ணும்போது பக்கத்துல உக்காந்து சூடா ஒரு டம்ளர் குடிச்சே பழக்கம், அதை விட முடியல. "அண்ணி, டீகாஃப் கிரீன் டீ குடிச்சுப் பாருங்க"ன்னு நான் தான் வாங்கிக் கொடுத்தேன். "கசப்பே இல்லயே, தண்ணியா இருக்கு"ன்னாங்க. காஃபினே கசப்பான பொருள் தானே, அது போனா கசப்பு கொஞ்சம் கம்மியா தான் தெரியும். இப்ப ரெண்டு புதினா இலை கிள்ளிப் போட்டு குடிக்கிறாங்க, படுத்தா தூங்கிடறாங்க.

கணக்கு பாத்தா புரியும். ஒரு கப் சாதா கிரீன் டீல சுமாரா 30 மில்லிகிராம் காஃபின் இருக்கு, காபில அதை விட ரொம்ப அதிகம், டீகாஃப்ல 2லேர்ந்து 5 வரைக்கும் தான். முழுசா சைபர் இல்ல, அதை ஞாபகம் வச்சுக்கங்க. நமக்கு தூக்கம் வர வைக்கிற அடினோசின் மூளைல வேலை செய்ய விடாம காஃபின் மறிச்சு நிக்கும், உள்ள போனதுல பாதி வெளியேறவே சுமாரா 5 மணி நேரம் ஆகும், ஆறு மணிக்கு குடிச்ச காபில பாதி பதினொரு மணிக்கும் உடம்புல சுத்திட்டு இருக்கும். சாயங்காலம் ஜிம் போறவங்க இதை யோசிக்கணும், ஏன்னா எக்சர்சைஸ் பண்ண உடம்பு தேறறதே தூக்கத்துல தான். கர்ப்பமா இருக்கறவங்களுக்கு காஃபின் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல வேண்டாம்னு சொல்றாங்க, அவங்களும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு எப்பவாவது ஒரு கப் குடிக்கலாம்.

வாங்கும்போது பாக்கெட்டை திருப்பி, காஃபினை எப்படி எடுத்திருக்காங்கன்னு பாருங்க, இது தான் முக்கியம். எத்தில் அசிட்டேட்னு ஒரு கரைப்பான் இருக்கு, பழங்கள்லயும் அது இயற்கையா இருக்கறதால "நேச்சுரலி டீகாஃபினேட்டட்"னு போட்டுக்கறாங்க. ஆனா அது காஃபினோட சேத்து, நாம எதுக்காக கிரீன் டீ குடிக்கிறோமோ அந்த கேட்டச்சின்களையும் (இஜிசிஜி இந்த வகை தான்) நிறைய இழுத்துட்டு போயிடும். இன்னொரு முறை கார்பன் டை ஆக்சைடு, 31 டிகிரிக்கு மேல சூடும் காத்தழுத்தத்தை விட 73 மடங்குக்கு மேல அழுத்தமும் கொடுத்தா அது வாயுவும் இல்லாம திரவமும் இல்லாம ஒரு நிலைக்கு வரும், இலைக்குள்ள புகுந்து பெரும்பாலும் காஃபினை மட்டும் எடுத்துட்டு வெளிய வந்துடும், கேட்டச்சின் பெருசா போகாது. அதனால "சிஓ2"ன்னு போட்டிருந்தா அதையே எடுங்க. வீட்லயே சாதா கிரீன் டீயை 30 செகண்ட் சுடுதண்ணில அலசி ஊத்திட்டா காஃபின் போயிடும்னு வாட்ஸப்ல வருதே, அது தப்பு, அதுல கொஞ்சம் தான் போகும்.

பொண்ணுங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. டீகாஃப் ஆனாலும் டீ டீ தான், கீரை பருப்புல இருக்கற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க விடாம தடுக்கும். சாப்பாட்டோட குடிக்காதீங்க, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, இரும்பு மாத்திரை போடறவங்க அதுக்கும் தள்ளியே குடிங்க. கொஞ்சம் எலுமிச்சை பிழிஞ்சுக்கிட்டா நல்லது, பால் மட்டும் ஊத்தாதீங்க.

கிரீன் டீ கேப்சூல் பக்கம் போகவே போகாதீங்க. இஜிசிஜி ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் மாத்திரையா உள்ள போனா கல்லீரலுக்கு ஆபத்து வரலாம்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லயே எச்சரிச்சிருக்கு, டீகாஃப்னு போட்டிருந்தாலும் இஜிசிஜி அதே தானே. பிரஷருக்கு நாடலால் மாத்திரை சாப்பிடறவங்க டீயா குடிக்கறதுக்கே டாக்டரை கேட்டுக்கங்க, அந்த மருந்து ரத்தத்துல சேர்றதை கிரீன் டீ குறைச்சிடும்.

விலை சாதா கிரீன் டீயை விட கூடத்தான். காலைல மட்டும் குடிக்கிறீங்க, தூக்கத்துக்கும் ஒரு குறையும் இல்லன்னா சாதாவே போதும், டீகாஃபுக்கு காசு செலவு பண்ணாதீங்க.