கர்ப்பப்பை ஆபரேஷனும் காணாமல் போன பயாப்ஸி ரிப்போர்ட்டும்

ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஐந்து வாரம். உடம்பு தேறிவிட்டது, ஆனால் அந்த ரிப்போர்ட்டுக்கு அலைந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

வயது 46, ஊர் தங்கச்சிமடம். ஃபைப்ராய்டு கட்டி, மாதத்தில் பன்னிரண்டு நாள் ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 7.8. மாத்திரையெல்லாம் பார்த்தாச்சு. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் புற்று இருக்கிறதா என்று பார்க்க பயாப்ஸிக்குச் சதை எடுத்தார்கள், அப்புறம் ஸ்கேனை மட்டும் புரட்டிவிட்டு, ‘வயித்தைத் திறந்துதான் கர்ப்பப்பையை எடுக்கணும்’ என்றார்கள். எங்க மதினிக்கு அப்படித்தான் எடுத்தது. கருவாட்டுக் கூடையைத் தூக்க அவருக்கு மூன்று மாதம் ஆனது. அந்தப் பயத்தில் மதுரைக்குப் போனேன்.

அதிகாலை பஸ், அங்கே போய் இரண்டு மணி நேரம் வரிசை. டாக்டரம்மா முதலில் கேட்டதே பயாப்ஸி ரிப்போர்ட்தான். ‘தானா வரும்’ என்று சொல்லியிருந்தார்கள், வரவில்லை. பெரிய கர்ப்பப்பையை உள்ளேயே துண்டு போட்டு எடுக்க வேண்டி வந்து, அதில் புற்று இருந்துவிட்டால் பரவிவிடும், அதனால் ரிப்போர்ட் இல்லாமல் எந்த வழி என்றே பேச முடியாது என்றார். அன்றைய பயணம் வீண். மறுநாள் ராமநாதபுரத்தில் கவுண்டர்காரர் ‘ரசீது இல்லாம தரமாட்டோம்’ என்றார், ரசீதோ வீட்டில். அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் போய் வாங்கினால் வயது 64 என்று அச்சாகியிருக்கிறது! திருத்த இன்னொரு நாள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, பேர், வயது பார்க்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

அடுத்த முறை டாக்டரம்மா படுக்க வைத்துப் பரிசோதித்தார். பத்து வார அளவு, நன்றாக அசைகிறது, இரண்டும் சுகப்பிரசவம், அதனால் கர்ப்பப்பை இறங்காவிட்டாலும் கீழ்வழியாகவே, அதாவது குழந்தை பிறக்கும் வழியிலேயே, எடுக்கலாமாம். புதுசு என்பதால் நான் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்வது) கேட்டேன். அதிலும் சீக்கிரம் எழுந்துவிடலாம், ஆனால் நேரம் கூடும், வயிற்றைத் திறப்பதைவிட சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாயில் அடிபடும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம், கீழ்வழி முடிகிறவர்களுக்கு அதுதான் முதலில் என்றார். ரோபோ வைத்துச் செய்வதும் லேப்ராஸ்கோபியைவிடப் பெரிதாக மேல் என்று நிரூபணமாகவில்லையாம். கட்டி மிகப் பெரிசு, உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று நிறைய ஒட்டியிருக்கிறது என்றால் திறப்பதுதான் சரி, மதினிக்கு அப்படி இருந்திருக்கலாம். பாதியில் வயிற்றைத் திறக்க நேரலாம் என்பதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். இத்தனையும் பத்து நிமிஷப் பேச்சு, முதல் இடத்தில் அதைக்கூடத் தரவில்லை. எந்த வழி, எனக்கு ஏன் அது என்று கேளுங்கள் அக்கா, கூச்சமே வேண்டாம்.

இரும்புச்சத்து ஊசி, ஆபரேஷன், மூன்றாம் நாள் வீடு, எதிலும் குறையில்லை.

தேதியை மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, வீட்டுக்காரர் கரையில். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்பதால் தண்ணீர்க் குடமெல்லாம் அவர்தான். நேற்று மதினி வந்து என் வயிற்றைத் தடவி, தழும்பு எங்கே என்று தேடினார்.