மிஷின் எப்போது வரும்: சஸ்காட்சுவான், கனடா, 1915

செப்டம்பர் 6, திங்கள்
கடைசி வயலும் அறுத்தாயிற்று. கட்டுகளை எட்டு, பத்தாகச் சேர்த்துக் கதிர் மேலே இருக்கும்படி சாய்த்து நிறுத்தினோம். குனியாதே என்று காலையில் சொன்னவர், மதியத்துக்கு மேல் அவரே கூப்பிட்டார். மார்க்விஸ் கோதுமை விதைத்தது நல்லதாயிற்று. பழைய ரெட் ஃபைஃப் என்றால் இன்னும் பச்சையாக நிற்கும், இரவெல்லாம் உறைபனி பயம்.

செப்டம்பர் 9
கதிரடிக்கும் மிஷின் இன்னும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தானாம்.

செப்டம்பர் 12, ஞாயிறு
பள்ளிக்கூடத்தில் ஜெபம். பிரசங்கத்தை யார் கேட்டார்கள்? மிஷின் அடுத்து யார் வீட்டுக்கு என்பதுதான் பேச்சு. போன வருஷம் கதிரடிக்க வந்த ஆட்கள் தன் சஸ்கட்டூன் பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் மாதிரி எங்குமே தின்றதில்லை என்றார்களாம், நார்வேக்காரி சொல்கிறாள். யாரும் கேட்கவில்லை அவளை.

செப்டம்பர் 15
மழை.

செப்டம்பர் 16
மழை. கட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன், ஈரம். முளை விட்டால் தானியம் வாங்கும் எலிவேட்டரில் என்ன விலை தருவான்? பார்த்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று திட்டினார். ராத்திரி லாந்தரை எடுத்துக்கொண்டு அவரே வயலுக்குப் போனார்.

செப்டம்பர் 20
வெயில். போருக்குப் போன தம்பியிடமிருந்து கடிதம் இல்லை. பிரான்சிலும் இப்போது அறுப்புதானா?

செப்டம்பர் 27
விசில் கேட்டது!

செப்டம்பர் 28
மிஷினை ஓட்டும் நீராவி இன்ஜினின் ஃபயர்மேன் நாலு மணிக்கே எழுந்து வைக்கோலைத் திணித்து நீராவி ஏற்றினான். இருபது ஆள். பாதிப் பேர் கிழக்கிலிருந்து அறுவடை ரயிலில் வந்தவர்கள். ஒருவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. விடியலில் ஒரு சாப்பாடு, நடுவில் ரொட்டியும் டீயும், மதியம், மறுபடி டீ, இரவு. அடுப்பை விட்டு நகர முடியவில்லை. வாசலில் தகர பேசினில் முகம் கழுவுகிறார்கள். நாலாவது ஆளுக்கே தண்ணீர் கறுத்து உமி மிதக்கிறது, துண்டு சாக்கு மாதிரி ஆகிவிட்டது. வெண்ணெயிலும் உமி.

ஐரோப்பாவின் கலீசியாவிலிருந்து வந்து குடியேறிய பாட்டி முட்டைக்கோஸும் கையுமாக வந்து நின்றாள். அவள் இல்லாவிட்டால் விழுந்திருப்பேன். என் வயிற்றைத் தொட்டு நான்கு விரலைக் காட்டினாள். நான்கு வாரமா, நான்கு நாளா? கேட்கப் பாஷை இல்லை.

செப்டம்பர் 29
மிஷின் பெல்ட் அறுந்தது. இருபது பேரும் நிழலில் படுத்துக்கொண்டார்கள். சும்மா கிடந்தாலும் பசி மட்டும் குறையவில்லை. பெர்ரி பை வைத்தேன். சத்தமே இல்லாமல் தின்றார்கள். ஒருவனாவது ஒரு வார்த்தை?

செப்டம்பர் 30
முடிந்தது. இப்படி ஒரு விளைச்சலை இந்த ஊர் கண்டதில்லை என்கிறார்கள். கிடங்கு நிரம்பி, மிச்சம் தரையில் கிடக்கிறது.

அக்டோபர் 4
நார்வேக்காரி வீட்டில் மிஷின். கைமாற்றுக்குச் சமைக்கப் போனேன். பை நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 6
இடுப்பு வலி. எலிவேட்டரில் வண்டிகள் வரிசையாம், அவர் இன்று திரும்ப மாட்டார். பெரியவனைக் கலீசியாப் பாட்டியிடம் அனுப்பியிருக்கிறேன். ரொட்டி மாவு பொங்கி