துவைனம் என்ற பெயர்

வன்னியின் பழைய நிர்வாகக் கதைகளில் அடிக்கடி வரும் பெயர் துவைனம். 1869 முதல் 1896 வரை வட மாகாண அரச அதிபராக இருந்த சேர் வில்லியம் துவைனம்தான் அவர், முல்லைத்தீவும் வவுனியாவும் அப்போது அவருடைய நிர்வாகத்தில் இருந்தன.

இங்கிலாந்திலேயே அரிதான இந்தக் குடும்பப் பெயர் ஊரிலிருந்து வந்தது. ஏவன், ஸ்டூர் என்ற இரண்டு ஆறுகள் சந்திக்கும் இடத்திலுள்ள, தெற்கு இங்கிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரத்துக்கு முன்பு துவைனம் என்றுதான் பெயர், ஆறுகளுக்கு இடைப்பட்ட இடம் என்று பொருள், 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே நிலப் பதிவிலும் அது இருக்கிறது. அப்புறம் தேவாலயத்தின் பெயரே ஊருக்கும் ஆகிவிட்டது. இங்கிலாந்தின் சசெக்சிலும் அதே பொருளில் ஓர் ஊர் உண்டு, ஆகவே இந்தப் பெயருள்ள எல்லாருக்கும் ஒரே வேர் என்று அடித்துச் சொல்ல முடியாது.

நம்மிடம் அப்படித் தலைமுறைகளாகத் தொடரும் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர்தான் முன்னால் வரும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். இடப்பெயர்வில் உறுதிகளும் பதிவுகளும் எவ்வளவோ போய்விட்டன. பூட்டன், பூட்டியின் பெயரையும் ஊரையும் அம்மம்மாவிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.