காப்பகத்தில் எனக்குக் கிடைத்த வேலை

எங்கள் தெருவில் வெள்ளச்சி என்று ஒரு நாய் இருக்கிறாள். உடம்பு முழுக்க வெள்ளை, ஒரு காது மட்டும் பழுப்பு. அவள் போட்ட நாலு குட்டியில் மூன்று ஒரே வாரத்தில் வண்டியில் அடிபட்டுச் செத்ததைப் பார்த்த பிறகு, தெருக்காரர்கள் நாங்களே சொல்லித்தான் அவளைக் கருத்தடைக்கு அனுப்பினோம். காலையில் வேன் வந்தது, வலை போட்டுப் பிடித்தார்கள், ஆபரேஷன் முடிந்து நாலைந்து நாளில் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்றார்கள். ஒரு வாரம் ஆச்சு, வரவில்லை. பத்தாவது நாள் நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, அவளைக் கொண்டுபோன காப்பகத்துக்கே போய்க் கேட்டேன். "விட்டாச்சும்மா, மூணு நாள் ஆச்சு" என்று சொல்லி ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்கள். பெண், வெள்ளை, பிள்ளையார் கோயில் அருகில், மடிப்பாக்கம். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

மடிப்பாக்கத்தில் எத்தனை பிள்ளையார் கோயில் இருக்கிறது என்று அங்கே குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் கோயிலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இன்னொரு கோயில் வாசலில் அவளை இறக்கிவிட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் வரை தேடி, ஒரு பழக்கடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த கிரேடுகளுக்கு நடுவில் கண்டுபிடித்தேன். அந்தத் தெரு நாய்கள் பின்னங்காலைக் கடித்துக் குதறி வைத்திருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்திரிக்கக்கூட முடியாமல் வாலை மட்டும் தரையில் தட்டினாள். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

தெரு நாய்க்குத் தன் எல்லை என்று ஒன்று உண்டு. எந்த வீட்டில் சோறு வைப்பார்கள், எந்த வண்டிக்கு அடியில் படுக்கலாம், எந்த நாயிடம் ஒதுங்கிப் போக வேண்டும் எல்லாம் அந்த எல்லைக்குள்தான். வெளியே கொண்டுபோய் விட்டால் அடிபட்டுச் சாகும், இல்லை மிரண்டுபோய் யாரையாவது கடிக்கும். பிடித்த இடத்திலேயே திருப்பி விட வேண்டும் என்பது நல்ல மனசுக்காரர்கள் சொல்கிற யோசனை மட்டும் இல்லை, சட்டமே அதுதான், நாய்க் கருத்தடைக்கான மத்திய அரசின் 2001 விதிகளிலும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2023 விதிகளிலும் இருக்கிறது. ஆனால் பிடித்த இடம் எது என்று ஒழுங்காக எழுதி வைக்காவிட்டால் விதி இருந்து என்ன பிரயோஜனம்.

வெள்ளச்சியின் கால் காயத்துக்கு நான் அழைத்துப் போனது தென் சென்னையில் இருக்கிற வேறொரு காப்பகம். அங்கேயும் கருத்தடை நடக்கிறது. கட்டுப் போட்டுக்கொண்டிருந்த டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, இங்கே ரிஜிஸ்டர் யார் எழுதுகிறார்கள் என்று கேட்டேன். சின்னப் பெண்தான், முப்பது வயசு இருக்கும். "தனியா ஆள் இல்லக்கா, வேன் டிரைவர் குறிச்சுட்டு வர்றத நைட் இங்க யாராவது எழுதிடுவோம்" என்றார். நான் சமையல் கேஸ் ஏஜென்சியில் பதினோரு வருஷமாக புக்கிங் கவுண்டரில் இருக்கிறேன். சிலிண்டர் போகிற பையனுக்கு வீட்டை அடையாளம் சொல்வதுதான் என் தினப்படி வேலை. ராம் நகர் என்றால் மடிப்பாக்கத்திலும் இருக்கிறது, நங்கநல்லூரிலும் இருக்கிறது, வேளச்சேரியிலும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்காமல் நான் எந்த புக்கிங்கையும் எழுத மாட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமை நான் வந்து எழுதட்டுமா என்று கேட்டேன். ஃபாரம் கொடுத்தார்கள்.

உடனே பேனாவைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன், அப்படி இல்லை. ஃபாரத்தில் வயசு (அங்கே பதினெட்டுக்குக் கீழே என்றால் அப்பா அம்மா யாராவது கூட வர வேண்டும்), ஆஸ்துமா, அலர்ஜி உண்டா, வீட்டில் நாய் பூனை இருக்கிறதா, அதற்குத் தடுப்பூசி போட்டாச்சா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம், இதெல்லாம் கேட்டிருந்தது. கடைசிக் கேள்விதான் முக்கியம்: எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை மாசத்துக்கு. முடிந்தபோது வருகிறேன் என்று எழுத நினைத்தேன், டாக்டர் வேண்டாம் என்றார். எல்லாரும் முடிந்தபோது வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பேர், செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒருத்தரும் இல்லை, கூண்டு கழுவ வேண்டியது ரெண்டு நாளும் அதே அளவுதான். அதனால் சனிக்கிழமை எட்டிலிருந்து பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்தது ஊசி. கடிபடுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்கிற ரேபிஸ் தடுப்பூசி மூன்று தவணை, இன்று ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, இருபத்தொன்றாம் நாள் ஒன்று. அது முடியாமல் கூண்டுப் பக்கம் விட மாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். டெட்டனஸுக்கான டிடி ஊசியும் போட்டுக்கொண்டேன். ஒரு விஷயம் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், இந்த மூன்று ஊசியும் போட்டிருந்தாலும் கடியோ கீறலோ பட்டால் அப்படியே விட்டுவிடக் கூடாது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கு ஒரு ஊசி, மூன்றாம் நாள் ஒரு ஊசி போட்டே ஆக வேண்டும். முன்னாலேயே போட்டுக்கொள்ளாதவர்களுக்கு அதிகத் தவணை, தோல் கிழிந்து ரத்தம் வருகிற கடியோ கீறலோ என்றால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்து ஊசியும் உண்டு. ஆறாவது மாசம் ஒரு பூனை என் முழங்கையில் கீறியபோது நான் அந்த ரெண்டு ஊசியும் போட்டுக்கொண்டேன். லேசான கீறல்தானே என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ரேபிஸ் வந்துவிட்டால் அதற்கப்புறம் வைத்தியம் கிடையாது.

முதல் ஏழெட்டு வாரம் கழுவுகிற வேலைதான். அங்கே பல வருஷமாக இருக்கிற ஒரு அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். முதலில் கழிவை அள்ளு, அப்புறம் சோப்புத் தண்ணீர், அப்புறம்தான் பிளீச்சிங் பவுடர் கரைசல், அழுக்கு இருக்கும்போது பிளீச்சிங் ஊற்றினால் வேலை செய்யாது. ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசி, வைப்பரால் தள்ளி, தரை காய்ந்த பிறகுதான் நாயை உள்ளே விட வேண்டும். நாய்க்குட்டிகளைக் கொல்கிற பார்வோ வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் மாசக்கணக்கில் உயிரோடு இருக்குமாம், ஃபினாயிலுக்கு அது அசைந்து கொடுக்காது. பூனை அறையில் ஃபினாயிலை எடுக்கவே கூடாது, பூனைக்கு அது விஷம், பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். இதெல்லாம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. நான் முதல் நாள் அன்பளிப்பாகக் கொண்டுபோனதே அஞ்சு லிட்டர் ஃபினாயில்தான்.

குட்டிகள் இருக்கிற அறைக்குக் கடைசியாகப் போகக் கூடாது, முதலில் போக வேண்டும். சீக்கு நாய்களைத் தொட்டுவிட்டு அதே செருப்போடு குட்டிகளிடம் போனால் நாமே எமனாகிவிடுவோம். பார்வோ வந்த குட்டி ஒன்றை மூன்றாவது சனிக்கிழமை பார்த்தேன். வாந்தி, ரத்தமாகப் பேதி, டிரிப்ஸ் ஏற்றிய கால் என் சுண்டுவிரல் அளவுதான் இருந்தது. மறு வாரம் போனபோது அந்தக் கூண்டு காலியாக இருந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, பிளீச்சிங் வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அன்றைக்கு அந்தத் தரையை நான் மூன்று தடவை தேய்த்தேன்.

செவலை என்று ஒரு ஆண் நாய், யாரோ கம்பியால் கழுத்தைக் கட்டி வைத்திருந்து மீட்டுக்கொண்டு வந்தது. மனுஷ வாசனை வந்தாலே மூலையில் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூத்திரம் விட்டுவிடும். அதன் கூண்டில் தினம் இருபது நிமிஷம் யாராவது உட்கார வேண்டும், சனிக்கிழமை நீங்கள் என்றார் டாக்டர். முதுகைக் காட்டி உட்காருங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், கையை நீட்டாதீர்கள், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகவே போகாதீர்கள். பேசலாம். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் வீட்டுக் கணக்கை வாய்விட்டுப் போட்டுக்கொண்டிருப்பேன், பால் கார்டு இவ்வளவு, ஸ்கூல் வேன் இவ்வளவு என்று. ஐந்தாவது சனிக்கிழமை என் துப்பட்டா நுனி லேசாக இழுபடுகிற மாதிரி இருந்தது. திரும்பவில்லை. மூச்சு மட்டும் முழங்கையில் சூடாகப் பட்டது, கொஞ்ச நேரம், அப்புறம் ஈரமாக ஒரு தொடுகை, அப்புறம் திரும்பவும் மூலைக்குப் போய்விட்டது. வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது செவலை கழுத்தில் பெல்ட் போட விடுகிறது, அண்ணனோடு வாசல் வரைக்கும் நடக்கிறது.

மூன்றாவது மாசம்தான் ரிஜிஸ்டர் என் கைக்கு வந்தது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். டீக்கடை அருகில், ஸ்கூல் எதிரில், ஏரிக்கரை. பழுப்பு நாய், பழுப்பு நாய், பழுப்பு நாய். நாட்டு நாயில் பாதி பழுப்புதான். டிரைவரைக் குறை சொல்ல முடியாது, விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடுகிற நாயின் பின்னால் வலையோடு ஓடிவிட்டு அவர் எங்கே நின்று எழுதுவார். அவரோடு உட்கார்ந்து பேசினேன். நீங்கள் எழுதவே வேண்டாம் தம்பி, பிடித்ததும் நாயை ஒரு போட்டோ, பிடித்த இடத்தை ஒரு போட்டோ, லொகேஷன், மூன்றையும் வாட்ஸ்ஆப்பில் போடுங்கள், பக்கத்தில் யார் சோறு வைக்கிறார்கள் என்று ஒருத்தரைக் கேட்டு நம்பர் மட்டும் வாங்கிவிடுங்கள் என்றேன். சனிக்கிழமை நான் உட்கார்ந்து, வாரம் முழுக்க வந்ததை ஒவ்வொன்றாக எழுதி, நாயின் கழுத்தில் கட்டியிருக்கிற டோக்கன் நம்பரோடு சரிபார்த்து, சந்தேகம் உள்ளதற்கு போன் செய்து கேட்டுவிடுவேன். சோறு வைக்கிறவர்களுக்கு அந்த போன் போவதே பெரிய ஆறுதல். "எங்க கறுப்பி சாப்பிடுறாளாம்மா?" என்று ஒரு பாட்டி தினமும் என்னைக் கூப்பிட்டார், ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டாலும் எடுத்துப் பேசினேன்.

இதைப் படித்துவிட்டு நானும் போகலாமா என்று நினைக்கிறவர்களுக்கு, சென்னையில் இடத்துக்குக் குறைவில்லை. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் கிண்டியில் இருக்கிறது. நாயைக் கொல்லாமல் கருத்தடை செய்து திருப்பி விடலாம் என்று 1964லேயே ஆரம்பித்தவர்கள் அவர்கள், மாநகராட்சி அந்த வழிக்கு வர தொண்ணூறுகளின் நடுப்பகுதி ஆனது. அடையாறு தியாசாபிகல் சொசைட்டி வளாகத்தில் பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் இருக்கிறது. இதுபோக ஏரியாவுக்கு ஏரியா சின்னச் சின்னக் காப்பகங்கள் உண்டு, அங்கேதான் ஆள் பஞ்சம் அதிகம். போவதற்கு முன் போன் செய்து என்ன தேவை என்று கேட்டுவிட்டுப் போங்கள். பழைய பெட்ஷீட், டவல், நியூஸ் பேப்பர், கோணிச்சாக்கு எப்போதும் வேண்டியிருக்கும், மழைக்காலத்தில் ரெண்டு மடங்கு வேண்டும், ஒன்றும் காயாது. பிரெட், பிஸ்கட் வேண்டாம், குருணை அரிசி வாங்கிக் கொடுங்கள். அண்டா அண்டாவாகக் கோழிக்காலோடு சேர்த்து வேகவைப்பார்கள்.

நாயைத் தொட பயம் என்பவர்கள்கூட வரலாம். வண்டி வைத்திருந்தால் மருந்து வாங்கி வரலாம், நன்றாகப் போட்டோ எடுக்கத் தெரிந்தால் தத்துக்குக் காத்திருக்கிற குட்டிகளை எடுத்துக் கொடுக்கலாம், தத்து எடுத்துப்போனவர்களுக்கு மாசம் ஒரு தடவை போன் செய்து விசாரிக்கலாம். வீட்டில் இடமும் நேரமும் இருப்பவர்கள் தாயில்லாத பூனைக்குட்டிகளைச் சில வாரம் வளர்த்துக் கொடுக்கலாம், ஆனால் லேசான வேலை இல்லை. ரெண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை ராத்திரியிலும் எழுந்து பால் கொடுக்க வேண்டும், பசும்பால் கூடாது, அதற்கென்று இருக்கிற பால் பவுடர்தான், குழந்தை மாதிரி மல்லாத்திப் போட்டுக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும், குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு ஈரப் பஞ்சால் அடிவயிற்றுப் பக்கம் தடவினால்தான் மூத்திரம் போகும். எங்கள் ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் என்னால் முடியவில்லை. என் பையனுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

போன சனிக்கிழமை நாய்களைத் திருப்பி விடுகிற வேனில் நானும் கூடப் போனேன். ரிஜிஸ்டரில் நான் எழுதியிருந்தது: பெண், சுமார் ரெண்டு வயசு, செம்பழுப்பு, வால் நுனி வெள்ளை, கீழ்க்கட்டளை, தெருப் பெயர், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மூன்றாவது வீடு, வாசலில் இஸ்திரி வண்டி, இஸ்திரிக்காரர் போன் நம்பர். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு ரோட்டுக்கே வந்து நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் அது குதித்து இறங்கி, உடம்பை ஒரு உதறு உதறி, அவர் காலைச் சுற்றி முகர்ந்துவிட்டு, நேராகப் போய் இஸ்திரி வண்டிக்கு அடியில் தன் கோணிச்சாக்கில் படுத்துக்கொண்டது.